தான சிந்தாமணி அத்திமப்பே

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே கொடைரோடு என்னும் புகைவண்டி நிலையம் உள்ளது. அம்மையநாயக்கனூரைச் சார்ந்த இந்நிலையத்தில் இறங்குவோர் பெரும்பாலும் கொடைக்கானல் செல்வோரே ஆவர். மலையூரின் பெயரே நிலையத்திற்கும் வந்தது. ஆயினும் கொடை என்னும் சொல் செவியில் விழுந்தவுடன், ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களே நம்மனோர் நெஞ்சில் தோன்றும்.

தென்பாண்டி நாட்டுக் குன்றுகளை வணங்கச் சென்ற யாத்திரை ஒன்றில் நாமும் அந்நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து நிலக்கோட்டை வழியாக வைகைக் கரையிலுள்ள மேட்டுப்பட்டிச் சித்தர்மலைக்குச் சென்றோம். அங்குள்ள குகைத்தளத்தில் துறவியர் தங்கிய கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. அவற்றை அளித்தோர் பெயர்கள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. குகையின் முன் நின்று பஞ்ச நமஸ்கார மந்திரம் ஓதி, உடன் கொண்டு சென்ற சிறு படிமத்திற்கு ஆரத்தி எடுத்தோம்.

அப்பொழுது ஒன்றைக் கண்டோம். எங்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கான வாடகை முழுவதையும் தந்தவர் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், கணவரை இழந்தவர். ஆரத்தித் தட்டை ஒவ்வொருவரும் வாங்கி எடுத்தபோது, அவர் மட்டும் சற்று விலகிப் பாறையின் ஓரமாக நின்றார். அவரை விலகுமாறு எவரும் சொல்லவில்லை; முன்னே வருமாறு அழைத்தவரும் எவரும் இல்லை. நாமும் அழைத்தோமில்லை. திரும்பும் வழியெல்லாம் அது நம் நெஞ்சை உறுத்திற்று. அவ்வுறுத்தலே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கன்னட நாட்டில் வாழ்ந்த கைம்பெண் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதத் தூண்டியது. அவரே தான சிந்தாமணி எனப் போற்றப்பட்ட அத்திமப்பே அம்மையார்.

பிறந்த குடி

அத்திமப்பேயின் முன்னோர் வேங்கி நாட்டைச் சேர்ந்தவர்கள். அந்தணர் குடியிற் பிறந்து ஜின தருமத்தைத் தழுவியவர்கள். தந்தையார் மல்லபய்யா, தாயார் அப்பகப்பே. மல்லபய்யாவும் அவருடைய தம்பி புன்னமய்யாவும் போர்த்தொழிலில் வல்லவர்கள். அதற்கு நிகராகப் புலவரைப் போற்றுவதிலும் சிறந்து விளங்கினர்.

இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தில் வாழ்ந்தவர் பொன்னன் என்னும் பெரும்புலவர். பம்பன், பொன்னன், ரன்னன் ஆகிய மூவரையும் கன்னட இலக்கியத்தின் மும்மணிகள் எனக் கூறுவர். மல்லபய்யாவும் புன்னமய்யாவும் தம் ஆசாரியரான ஜினசந்திர தேவரின் நினைவைப் போற்றுமுகமாக, பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதர் வரலாற்றைப் பாடுமாறு பொன்னனை வேண்டினர். அவ்வாறு எழுந்ததே சாந்தி புராணம். ஆகவே அத்திமப்பே வளர்ந்த வீடு, ஒரு காவியம் பிறப்பதற்குக் காரணமாக இருந்த வீடாகும். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பின்னர் இந்நூலே அவர் வாழ்வில் பெரும்பங்கு பெற இருக்கிறது.

மணமும் பிரிவும்

973ஆம் ஆண்டில் இரண்டாம் தைலபன் இராஷ்டிரகூடர் ஆட்சியை வீழ்த்தி, மேலைச் சாளுக்கியர் அரசை மீண்டும் நிறுவினான். அவனுடைய அமைச்சருள் ஒருவர் தல்லபர். அவர் மகன் நாகதேவன் படைத்தலைவனாக விளங்கினான். அத்திமப்பேயும் அவர் தங்கை குண்டமப்பேயும் அந்நாகதேவன் ஒருவனுக்கே மணம் செய்து கொடுக்கப்பட்டனர். உயர்குடியினர் ஒருவர்க்கு மகளிர் பலரை மணமுடிப்பது அக்கால வழக்கம். யாருக்கு, எப்போது, எவருடன் என்பன எல்லாம் ஆடவர் கூடி முடிவு செய்த காலம் அது.

அத்திமப்பேக்கு அண்ணிகதேவன் என்னும் மகன் பிறந்தான். மைந்தன் சிறுவனாக இருக்கும்போதே நாகதேவன் போரில் மாண்டான். செய்தி வந்தது. தங்கை குண்டமப்பே கணவனுடன் தீப்பாய்ந்தார். அத்திமப்பே அதனைச் செய்யவில்லை. மகனை வளர்க்கும் பொறுப்பை மேற்கொண்டு, விரதங்களைக் கடைப்பிடித்து வாழத் துணிந்தார்.

இரண்டே வரிகளில் சொல்லிவிடக்கூடிய இந்நிகழ்ச்சியின் கடுமையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே தாய்வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட இருவருள் ஒருவர் நெருப்பில் மறைகிறார். மற்றவர் அதனைக் கண்டும் உயிரோடிருக்கிறார். தீப்பாய்ந்தவரை ஊர் தெய்வமாகக் கொண்டாடும், கல் நாட்டும். உயிரோடிருப்பவரை எவ்வாறு நோக்கும்? அத்திமப்பேயின் துணிவு, போர்க்களத் துணிவினும் எளியதன்று.

அக்காலத் தமிழகத்திலும் இவ்விரு வழிகளும் இருந்தன. சுந்தர சோழர் மறைந்தபோது, முதலாம் இராசராசனின் அன்னை வானவன்மாதேவி உடன்கட்டை ஏறினார். அதே சோழர் குடியில், கண்டராதித்தரின் துணைவியாராகிய செம்பியன்மாதேவி கைம்மையில் நெடுங்காலம் வாழ்ந்து, பல கோயில்களைக் கற்றளிகளாக எழுப்பினார். சாளுக்கிய நாட்டில் ஒரே வீட்டின் சகோதரியர் இருவர் எடுத்த முடிவுகளை, சோழ நாட்டில் ஒரே அரண்மனையின் அரசியர் இருவர் எடுத்துள்ளனர்.

அறநூலின் துணை

அத்திமப்பேயின் முடிவு தாய்ப்பாசத்தால் மட்டும் எழுந்தது எனக் கொள்ளலாகாது. அதற்கு நம் அறநூலின் துணையும் உண்டு. சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், நற்காட்சியை மறைக்கும் மூடங்களை எடுத்துரைக்கிறது. புண்ணியம் எனக் கருதி ஆற்றிலும் கடலிலும் மூழ்குதல், மணலையும் கல்லையும் குவித்து வழிபடுதல், மலையிலிருந்து வீழ்தல், தீயிற் பாய்தல் ஆகியவற்றை உலக மூடம் என அந்நூல் விலக்குகிறது. இந்நூலின் கருத்துகளையே தமிழில் அருங்கலச்செப்பு குறட்பாக்களாகத் தருகிறது. ஒவ்வோர் உயிரும் தன் வினையைத் தானே நுகர்வது என்னும் கொள்கையுடையோர்க்கு, ஒருவர் தீயிற் பாய்வதால் மற்றொருவர் நற்கதி அடைவார் என்பது பொருந்தாத கூற்றேயாம்.

எனினும் நூலில் விலக்கப்பட்ட ஒன்று வீட்டில் விலக்கப்படவில்லை. சமணக் குடியிற் பிறந்த குண்டமப்பேயே தீப்பாய்ந்தார் என்பது நம்மை வருந்தச் செய்கிறது. அவர்மீது குறை காண்பது நம் நோக்கமன்று. சுற்றத்தின் எதிர்பார்ப்பும் ஊரின் புகழ்ச்சியும் அறநூலைவிட வலியனவாக நின்றன என்பதே இங்கு அறியத்தக்கது. அவ்வலிமைக்கு எதிரே தனித்து நின்றவர் அத்திமப்பே. ஆங்கில ஆட்சியில் 1829ஆம் ஆண்டு பெண்டிங்கு பிரபு வங்கத்தில் உடன்கட்டையைச் சட்டத்தால் தடுத்தார். அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் முன்பே, சட்டத்தின் துணையின்றித் தன் அறிவின் துணைகொண்டு ஒரு பெண்மணி அதனை மறுத்துள்ளார்.

ஆயிரம் சுவடிகள்

கைம்மை நோன்பு என்றால் ஒடுங்கிக் கிடத்தல் என்று பொருள் கொண்ட காலத்தில், அத்திமப்பே அதற்கு வேறு பொருள் தந்தார். உணவைச் சுருக்கினார்; அணிகளைத் துறந்தார்; ஆனால் தம் செயலைச் சுருக்கவில்லை. தந்தையும் சிறிய தந்தையும் பாடுவித்த சாந்தி புராணத்தின் படிகள் அருகி வருவதைக் கண்டு, அதனை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார்.

அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள் என்பது எத்துணைப் பெரிய முயற்சி! ஓலையைப் பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் கையால் எழுதுதல் வேண்டும். ஒரு படியை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க மற்றவர் எழுதுவர். பின்னர் ஒப்புநோக்கிப் பிழை களைவர். நூறு நூறாக எழுத்தர்களை அமர்த்தினாலன்றி இது முடிவதன்று. அவர்களுக்கு ஊணும் உறையுளும் ஊதியமும் தருதல் வேண்டும். ஓலைச்சுவடியோ செல்லுக்கும் ஈரத்திற்கும் இரையாவது. ஓரிடத்தில் ஒரு படியே இருப்பின் அது அழிந்தால் நூலும் அழியும். ஆயிரம் இடங்களில் இருப்பின் எங்கேனும் ஒன்று எஞ்சும். இதனை அறிந்து செய்தமையே அம்மையாரின் தனிச்சிறப்பு. நம் தமிழில் வளையாபதியும் குண்டலகேசியும் சில பாடல்கள் ஒழிய மறைந்துபோனமையை எண்ணுவோர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

இதனோடு, பொன்னாலும் மணியாலும் 1,500 ஜினப் படிமங்களைச் செய்வித்து அளித்தார் என்றும் அவர் புகழ் பேசப்படுகிறது. படிமம் வழிபடுவோர்க்கு, சுவடி கற்போர்க்கு. சாஸ்திர தானத்தில் பெண்கள் முன்னின்ற மரபு அவருக்குப் பின்னரும் தொடர்ந்தது. மூடபிதுரையில் காக்கப்பட்ட மகாபந்தச் சுவடியை, மல்லிகப்பே என்னும் அம்மையார் ஸ்ரீபஞ்சமி நோன்பு நிறைவின்பொருட்டு எழுதுவித்து, மாகநந்தி முனிவருக்கு அளித்தார். நம் சித்தாந்த நூல்கள் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பதற்கு இத்தகைய மகளிரும் காரணமாவர்.

காவியம் பாடுவித்த பெண்

புலவர்க்கு ஆணையிட்டுக் காவியம் பாடச் செய்வது மன்னர்க்கும் படைத்தலைவர்க்கும் உரிய செயலாகவே கருதப்பட்டது. காவியத்தில் பெண்ணுக்கு இடம் இருந்தது; அது பெரும்பாலும் ஆடவர் வருணிக்கும் அழகியின் இடமாகவே இருந்தது. அத்திமப்பே இவ்வழக்கையும் மாற்றினார்.

முதோளில் வளையல் விற்கும் குடியிற் பிறந்தவர் ரன்னன். அஜிதசேன ஆசாரியரிடம் கற்று, சாவுண்டராயரின் ஆதரவைப் பெற்று, பின்னர்த் தைலபனிடம் கவிச்சக்கரவர்த்தி என்னும் பட்டமும் பெற்றார். அத்தகைய புலவரை அழைத்து, இரண்டாம் தீர்த்தங்கரராகிய அஜிதநாதரின் வரலாற்றைப் பாடச் செய்தார் அத்திமப்பே. 993ஆம் ஆண்டில் அஜித புராணம் நிறைவுற்றது. ரன்னன் அந்நூலில் தம்மைப் புரந்த அம்மையாரின் குடிவரலாற்றையும், அவர் கைம்மையையும், நோன்பையும், கொடையையும் விரிவாகப் பாடியுள்ளார். இன்று நாம் அவர் வாழ்வை அறிவதற்கு அதுவே முதன்மையான சான்று. அங்கே புகழப்படுவது அவருடைய தோற்ற அழகு அன்று. அவருடைய அறிவும் ஒழுக்கமும் ஈகையுமே.

ரன்னன் தம் மகளுக்கு அத்திமப்பே என்றும் மகனுக்கு ராயன் என்றும் பெயரிட்டார். தம்மை ஆதரித்த இருவர் பெயர்களையும் தம் மக்களுக்குச் சூட்டி மகிழ்ந்தார். கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே தீங்கு எனப் பேதைமை பேசிய உலகில், ஒரு கைம்பெண்ணின் பெயரைத் தம் குழந்தைக்கு மங்கலப் பெயராக வைத்தார் அப்புலவர். இதனினும் பெரிய பாராட்டு வேறு யாது?

லக்குண்டியில் ஒரு ஜினாலயம்

மகன் அண்ணிகதேவன் வளர்ந்து, மாசவாடி நாட்டை ஆளும் பொறுப்பை ஏற்றான். தைலபனுக்குப்பின் அவன் மகன் சத்தியாசிரயன் அரசனானான். அவனுடைய இசைவுடன் லொக்கிகுண்டியில் அம்மையார் ஜினாலயம் ஒன்றை எழுப்பி, அதன் பூசைக்கும் திருப்பணிக்கும் நிலக்கொடை அளித்து, சூரஸ்த கணத்து அர்ஹணந்தி பண்டிதரிடம் ஒப்படைத்தார். இதனைக் கூறும் கல்வெட்டு 1007ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கதக் நகருக்கு அண்மையில் லக்குண்டி என இன்று வழங்கும் அவ்வூரில், பிரம்ம ஜினாலயம் என்னும் அக்கற்கோயில் இன்றும் நிற்கிறது. மாவுக்கல்லால் ஆன அதன் தூண்களின் மெருகும், விமானத்தின் அமைதியும் காண்பவரைக் கவர்வன.

அக்கல்வெட்டு அம்மையாரைப் பற்றிய அதிசயங்கள் சிலவற்றையும் கூறுகிறது. கோமடேசுவரரைத் தரிசிக்கும்வரை உணவு கொள்வதில்லை என நோன்பிருந்து கோடையில் அவர் மலையேறியபோது பருவமல்லாப் பருவத்தில் மழை பெய்து அவர் களைப்பை நீக்கியதாம். மதயானை அவர்முன் பணிந்ததாம். பெருக்கெடுத்த ஆறு அவர்பொருட்டு அடங்கியதாம். இவற்றை நம்புவோர் நம்பலாம்; பத்தியின் மிகையுரை எனக் கொள்வோர் அங்ஙனமே கொள்ளலாம். கற்பின் ஆற்றலால் மழை பெய்யும் என்பது கணவனைத் தொழும் பெண்ணைப் பற்றி நம் நாட்டில் வழங்கிய நம்பிக்கை. அதே ஆற்றலை, கணவன் இறந்தபின் உயிர்வாழத் துணிந்த ஒரு பெண்ணுக்கு அக்கல்வெட்டு உரியதாக்குகிறது. அவ்வூரார் அவருடைய முடிவைக் குறையாகக் கருதவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

தமிழராகிய நாம் மறைக்கலாகாத செய்தி ஒன்றும் உண்டு. அம்மையார் கோயில் எழுப்பிய அதே காலத்தில் சோழர் படை சாளுக்கிய நாட்டிற்குள் புகுந்தது. 1007ஆம் ஆண்டைச் சார்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு, பெண்டிரும் குழந்தைகளும்கூட அப்படையெடுப்பில் கொல்லப்பட்டதாக முறையிடுகிறது. பகைவர் கூற்று ஆதலின் மிகை இருக்கலாம். எனினும் போர் நடந்தது உண்மை. அதே நாளில் சோழர் குடியிற் பிறந்த இராசராசனின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியின் பெயரால் போளூரை அடுத்த திருமலையில் ஜினாலயம் விளங்கியது. ஆடவர் படைகள் மோதிக்கொண்ட இரு நாடுகளிலும், பெண்டிர் பெயரால் அருகன் கோயில்கள் நின்றன.

வாதிடாது வென்றவர்

நம் தமிழ்க் காப்பியமாகிய நீலகேசியில், தலைவி நீலகேசி சமயவாதிகள் பலரை அவை நடுவே வாதிட்டு வெல்கிறாள். ஆடவர் அமர்ந்த அவையில் பெண் ஒருத்தி எழுந்து வினவுவதைத் தமிழ்ச் சமணப் புலவர் பெருமிதத்தோடு பாடினார். ஆனால் நீலகேசி புலவர் படைத்த பாத்திரம். அத்திமப்பே உண்மையில் வாழ்ந்தவர். அவர் எந்த அவையிலும் எழுந்து வாதிட்டதாகச் செய்தி இல்லை. நெருப்பை மறுத்தார், பொருளைத் தம் கருத்துப்படி செலவிட்டார், நூலைக் காத்தார், நூலைப் படைப்பித்தார். அவருடைய வாழ்க்கையே வாதமாயிற்று.

தமிழகத்துக் கழுகுமலையிலும் வேடலிலும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் வாழ்ந்தமையைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. வேடலில் கனகவீரக் குரத்தியாரைச் சார்ந்த மாணாக்கர் தொகையைக் கல்வெட்டு நூற்றுக்கணக்கில் குறிக்கிறது. பெண் பிறவியில் வீடுபேறு உண்டா என்பதுபற்றித் திகம்பரர்க்கும் சுவேதாம்பரர்க்கும் நெடுங்கால வழக்கு உண்டு. ஆயினும் கற்றல், கற்பித்தல், விரதம் காத்தல், தானம் செய்தல் ஆகியவற்றில் பெண்ணுக்கு உரிமை இல்லை என்று இரு சாராரும் கூறியதில்லை. கணவன் பொருளில் கைம்பெண்ணின் உரிமையை நம் நீதிநூல்கள் ஏற்றுள்ளன. நூல்கள் இவ்வாறிருக்க, நம் வழக்கங்கள் மட்டும் எங்கிருந்து வந்தன?

உடன்கட்டை இன்று இல்லை. ஆனால் கணவரை இழந்த தாயை மகளின் திருமண மேடையில் ஏற்றாமல் ஓரமாக அமர வைப்பதும், கோயில் விழாவிற்கு அவர் பொருளை ஏற்றுக்கொண்டு கும்பம் எடுக்க மற்றவரை அழைப்பதும் நம்மிடையே முற்றும் ஒழிந்துவிட்டனவா? உயிரை எரிப்பதை விட்டோம். உயிரோடிருப்போரை ஒதுக்குவதை விட்டோமில்லை. சமந்தபத்திரர் கூறிய உலக மூடத்தில் இதுவும் அடங்கும் என்றே நாம் கருதுகிறோம்.

கர்நாடக அரசு சிறந்த பெண்மணிகளுக்கு தான சிந்தாமணி அத்திமப்பே பெயரால் விருது வழங்கிச் சிறப்பித்துள்ளது. அது தக்கதே. நம் வீடுகளில் நாம் அவருக்குச் செய்யத்தக்க சிறப்பு இன்னும் எளியது. அடுத்த பூசையில், அடுத்த மணவிழாவில், ஓரமாக நிற்கும் அன்னையின் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுப்போம்.

சித்தர்மலையில் நாம் அதனைச் செய்யத் தவறினோம். அன்று மாலை கொடைரோடு நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, அவ்வம்மையார் தம் பையிலிருந்த பழங்களை எல்லோருக்கும் பகிர்ந்தளித்தார். கடைசிப் பழத்தை நமக்குத் தந்துவிட்டு, தமக்கு வேண்டாமென்று கையசைத்தார். அவர் முகத்தில் எவ்வகைக் குறையும் தெரியவில்லை. குறை நம்முடையது. அதனை அவரிடம் நேரில் சொல்லி, அடுத்த யாத்திரையில் முதல் ஆரத்தியை அவரே எடுக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டோம். சற்றுத் தயங்கினார், பின்னர் இசைந்தார்.